ஆறு மாதமாகியும் ஆறாத சுளுக்கு... கணுக்காலுக்குள் ஒளிந்திருக்கும் காயம்! | வலி தீர வழி - 17

1995-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இத்தாலியின் மிலான் நகரில் உள்ள சான் சிரோ மைதானம். ஆட்டம் தொடங்குவதற்கு முன், ஜீன்ஸும் ஜாக்கெட்டும் அணிந்த ஒருவர் தனியாக மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடிவருகிறார். கைகளைத் தட்டி ரசிகர்களுக்கு நன்றி சொல்கிறார். பார்த்துக்கொண்டிருந்த பலர் கண்கலங்கினார்கள்.

அவர் பெயர் மார்கோ வான் பாஸ்டன். நெதர்லாந்தின் கால்பந்து நட்சத்திரம். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 'பாலோன் தோர்' விருதை மூன்று முறை வென்றவர். 1988 யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் அவர் அடித்த கோலை இன்றைய தலைமுறையும் யூடியூபில் தேடிப் பார்க்கிறது. ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 30தான். கடைசி இரண்டு வருடங்கள் அவர் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை.

அவ்வளவு பெரிய வீரரை வீட்டுக்கு அனுப்பியது, கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு படலம். அதன் பெயர் குருத்தெலும்பு.

கால்பந்து வீரர்களுக்கு மட்டும் வரும் பிரச்னை இல்லை இது. மாடிப்படியில் கடைசிப் படி இருப்பதைக் கவனிக்காமல் கால் பிசகியவர், ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், ஸ்கூல் கிரவுண்டில் கபடி ஆடிய மாணவி என யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். "வெறும் சுளுக்குதான், சரியாப்போயிடும்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். வீக்கம் வடிந்துவிடும். ஆனால், உள்ளே ஒரு வலி மட்டும் மாதக்கணக்கில் போகாமல் உட்கார்ந்திருக்கும். அந்த வலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எப்போது அறுவை சிகிச்சை தேவைப்படும், அதில் என்ன செய்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

சுளுக்குக்கும் குருத்தெலும்புக்கும் என்ன தொடர்பு?

முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு நீள எலும்புகளும் பாதத்துக்கு அருகில் சேர்ந்து, கவிழ்த்து வைத்த 'ப' எழுத்தைப்போல ஒரு கூட்டை உருவாக்குகின்றன. அந்தக் கூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும் எலும்புதான் தாலஸ். நாம் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும்போது, இந்தக் கூட்டுக்குள் தாலஸ் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. உரசல் இல்லாமல் நகர்வதற்காக, அதன் மேற்பரப்பில் பாதிக்கும் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நடக்கும்போது உடல் எடையைப்போல நான்கைந்து மடங்கு அழுத்தம் இந்த மூட்டில் விழுகிறது. அதைத் தாங்குவதும் இந்தப் படலம்தான்.

கால் உள்பக்கமாகப் பிசகும்போது தாலஸ் எலும்பும் கூட்டுக்குள் புரள்கிறது. அதன் விளிம்பு பக்கவாட்டுச் சுவரிலோ, மேல்கூரையிலோ இடிக்கிறது. வெளியே லிகமென்ட் எனப்படும் இணைப்பு நார்கள் நைந்துபோவதைத்தான் சுளுக்கு என்கிறோம். அதே நொடியில் உள்ளே குருத்தெலும்பு நசுங்கலாம், விரிசல் விடலாம். சில நேரம் அடியில் இருக்கும் எலும்புத் துணுக்கோடு சேர்ந்து பெயர்ந்தும் வரலாம்.

எலும்பு முறிவு என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கணுக்கால் எலும்பு முறிந்த 288 பேரின் மூட்டுக்குள் கேமரா செலுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது. அவர்களில் 79 சதவிகிதம் பேருக்குக் குருத்தெலும்பிலும் காயம் இருந்தது. எலும்பு கூடிவிட்டது, பிளேட்டும் சரியாக இருக்கிறது, ஆனாலும் வலி போகவில்லை என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் தானாக ஆறுவதில்லை?

கையில் கீறல் விழுந்தால் ரத்தம் வருகிறது, உறைகிறது, புதுத் தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தாலும் ரத்தக்கட்டு உண்டாகி, அதிலிருந்து புது எலும்பு வளர்ந்து கூடிவிடுகிறது. ஆற்றுகிற வேலையைத் தொடங்கிவைப்பதே ரத்தம்தான். குருத்தெலும்பில் ரத்தக்குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தன் சத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால், சிதைந்த இடத்தைச் சீரமைக்க ஆள் வருவதில்லை. சிதைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர் 1743-லேயே எழுதிவிட்டார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. குருத்தெலும்பில் நரம்புகளும் கிடையாது. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் எலும்பிலிருந்து. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும், மூட்டுத் திரவம் விரிசல் வழியாக எலும்புக்குள் அழுத்தப்படுகிறது. எலும்பில் நரம்புகள் நிறைய உண்டு என்பதால் வலிக்கிறது. நாளடைவில் அந்த இடத்தில் நீர்க்கட்டிபோல ஒரு குழி உண்டாகலாம். சின்ன விரிசலாக ஆரம்பித்தது பெரிய பள்ளமாவது இப்படித்தான்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

சாதாரணச் சுளுக்கு சில வாரங்களில் குறைய ஆரம்பித்துவிடும். கீழ்க்கண்ட அறிகுறிகள் இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

* கணுக்காலின் வெளியே தொட்டால் வலிக்காமல், மூட்டுக்கு உள்ளே ஆழத்தில் வலிப்பது.

* காலையில் பரவாயில்லை, நடந்து வேலை பார்த்துவிட்டு மாலையில் வீங்குவது.

* காலை அசைக்கும்போது 'டக்' என்று சிக்கிக்கொள்வது, பூட்டிக்கொள்வது. பெயர்ந்த துண்டு மூட்டுக்குள் மிதந்தால் இப்படி நடக்கும்.

* சமதளத்தில் நடக்கும்போதுகூடக் கால் மடங்கிவிடுவதுபோல இருப்பது.

எக்ஸ்ரேவில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. குருத்தெலும்பு எக்ஸ்ரேவில் தெரியாது. எலும்புத் துணுக்கு கொஞ்சம் பெரிதாகப் பெயர்ந்திருந்தால்தான் அதில் பிடிபடும். எம்.ஆர்.ஐ ஸ்கேனில் படலத்தின் காயமும், அடியில் எலும்பு வீங்கியிருப்பதும் தெரியும். அறுவை சிகிச்சை என்று முடிவானால், எலும்பில் உள்ள குழியின் அளவைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள சி.டி ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுவது, நீவிவிடுவது எல்லாம் இந்தக் காயத்துக்கு உதவாது. பெயர்ந்தும் பெயராமலும் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு, முரட்டு இழுப்பில் முழுவதுமாகக் கழன்றுவிடவும் வாய்ப்பு உண்டு.

எல்லோருக்கும் ஆபரேஷன்தானா?

இல்லை. ஸ்கேனில் காயம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மேஜையில் ஏற்றத் தேவையில்லை. படம் அப்படி இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்வதில்லை, வலியும் முடக்கமும் இருந்தால்தான்.

துண்டு இடம் மாறாமல் இருந்தால் முதலில் சில வாரங்கள் ஓய்வு, மாவுக்கட்டு அல்லது பூட்ஸ் போன்ற பிடிமானக் கட்டு, பிறகு பிசியோதெரபி என்றுதான் ஆரம்பிப்பார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இந்த முறையிலேயே ஆறிவிடும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இது பலன் தருவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஓர் அலசல் சொல்கிறது. மூன்று முதல் ஆறு மாதங்கள் முயன்றும் வலி குறையாவிட்டால், அல்லது துண்டு கழன்று மூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால், அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

'ஊசி போட்டாலே குருத்தெலும்பு வளர்ந்துவிடும்' என்ற விளம்பரங்களையும் பார்த்திருப்போம். நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பி.ஆர்.பி ஊசி அதில் பிரபலமானது. கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த பரிசோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. 26 வாரங்களுக்குப் பிறகு இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. தேய்மானமும் அடிபட்ட காயமும் ஒன்றல்ல. ஆனாலும், ஊசிக்காகப் பெரிய தொகையைக் கட்டுவதற்கு முன் இந்த முடிவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அறுவை சிகிச்சை... எந்தக் காயத்துக்கு எது?

மூட்டுக்குள் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையை 1931-ல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பர்மன் பல மூட்டுகளில் சோதித்துப் பார்த்தார். கணுக்கால் மட்டும் ரொம்ப நெருக்கமான மூட்டு, இதற்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டார். 1972-ல் ஜப்பான் மருத்துவர் மசாகி வடானபே, 28 கணுக்கால்களில் இதைச் செய்த அனுபவத்தை வெளியிட்டார். மெல்லிய கருவிகள் வந்த பிறகு, ஒதுக்கப்பட்ட மூட்டுக்குள்ளும் கதவு திறந்தது. இன்று கணுக்காலின் முன்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு துளைகள் வழியாகவே பல காயங்களைச் சரிசெய்கிறார்கள்.

எந்த முறை என்பதைப் பெரும்பாலும் காயத்தின் அளவுதான் தீர்மானிக்கிறது.

1. துளையிட்டு ரத்தம் வரவழைப்பது

சிறிய காயங்களுக்கு முதல் தேர்வு இதுதான். 'மைக்ரோஃப்ராக்சர்' என்பார்கள். நைந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ள எலும்பில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்ணிய துளைகள் போடுவார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தமும் செல்களும் கசிந்துவந்து பள்ளத்தை நிரப்பி உறையும். குருத்தெலும்புக்கு ரத்தம் வராது என்பதுதானே பிரச்னை? அந்த ரத்தத்தைக் கீழே இருந்து கொண்டுவருவதுதான் இதன் சூட்சுமம்.

ஆனால், அங்கே வளர்வது பழைய குருத்தெலும்பு அல்ல. நார்த்தன்மை கொண்ட ஒரு தழும்புத் திசு. வழவழப்பும் உழைப்பும் அசலைவிடக் குறைவு. சாலையில் பள்ளத்தை மூடும் ஒட்டுவேலையைப்போல. சின்னப் பள்ளத்தில் ஒட்டு நன்றாக நிற்கும், பெரிய பள்ளத்தில் பெயர்ந்துவிடும். 15 மி.மீ விட்டம் வரை இந்த முறை போதும் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. பின்னர் வந்த அலசல்கள் அந்த எல்லையை 10 மி.மீ அளவுக்குக் குறைத்துச் சொல்கின்றன. 2010 அலசலில் இந்த முறையின் வெற்றி விகிதம் சுமார் 85 சதவிகிதம்.

2. பெயர்ந்த துண்டையே திருப்பிப் பொருத்துவது

அடிபட்டு அதிக நாளாகவில்லை, பெயர்ந்த துண்டில் போதுமான எலும்பும் இருக்கிறது என்றால், அதைத் தூக்கி எறியாமல் அதே இடத்தில் வைத்து நுண்ணிய ஸ்க்ரூ அல்லது உடலிலேயே கரையும் பின் கொண்டு பொருத்திவிடலாம். கிடைப்பது அசல் குருத்தெலும்பு என்பதால் இளம் வயதினருக்கு இது அருமையான வாய்ப்பு. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் துண்டின் ஓரங்கள் மழுங்கி, இந்த வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

3. முழங்காலிலிருந்து எடுத்து நடுவது

பெரிய காயம், ஆழமான நீர்க்கட்டி, அல்லது மைக்ரோஃப்ராக்சர் செய்தும் பலன் இல்லை என்றால் அடுத்த கட்டம் இது. முழங்காலில் எடை அதிகம் விழாத ஓர் ஓரத்திலிருந்து, எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பை உருளை வடிவில் எடுத்து, தாலஸில் அதே அளவில் குழி வெட்டி அதற்குள் பொருத்துவார்கள். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நடுவது மாதிரி. பல சிறு உருளைகளாக எடுத்து நடும் 'மொசைக்' முறையைப் பரவலாக்கியவர் ஹங்கேரி மருத்துவர் லாஸ்லோ ஹாங்கோடி.

இதில் கிடைப்பது அசல் குருத்தெலும்பு. அதற்கு விலையும் உண்டு. காயம் இருக்கும் இடத்தை நேராக அடைய, பெரும்பாலும் கணுக்காலின் உள்பக்க எலும்பையே வெட்டித் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்க்ரூ போட்டு மூடவேண்டியிருக்கும். நன்றாக இருந்த முழங்காலில் சிலருக்குப் புதிதாக வலி வரலாம்.

4. செல்களை வளர்த்து நிரப்புவது

நோயாளியின் குருத்தெலும்பிலிருந்து சிறிது எடுத்து, ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கி, பிறகு காயத்தில் வைக்கும் முறை. ஸ்வீடன் மருத்துவர்கள் 23 பேரின் முழங்காலில் இதைச் செய்து 1994-ல் வெளியிட்டார்கள். இரண்டு கட்டச் சிகிச்சை, செலவும் அதிகம். அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்ற, செல் பதித்த சவ்வுச் சிகிச்சைகூட முழங்காலுக்குத்தான் அனுமதி பெற்றது. கணுக்காலுக்கு இதைப் பரிந்துரைத்தால், ஏன் என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவற்றோடு இன்னொன்று. இணைப்பு நார்கள் தளர்ந்து, கால் அடிக்கடி பிசகுகிறது என்றால் அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கூரை ஒழுகுவதை அடைக்காமல் தரைக்கு மட்டும் சிமென்ட் பூசினால் எத்தனை நாள் தாங்கும்?

ஆறு வாரம்... வீட்டுக்கே பரீட்சை!

ஆர்த்ரோஸ்கோப்பி முடிந்து அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடலாம். ஆனால், துளையிட்ட இடத்தில் உறைந்திருக்கும் ரத்தம் திசுவாக மாறும் வரை அதை நசுக்கக் கூடாது. அதனால், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அந்தக் காலில் முழு எடையை ஊன்றக் கூடாது என்பார்கள். சிறிய காயம் என்றால் சில மருத்துவர்கள் முன்னதாகவே லேசாக ஊன்ற அனுமதிப்பதுண்டு. அதேசமயம், ஊன்றாமல் பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியைச் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொல்வார்கள். அசைவுதான் மூட்டுத் திரவத்தைச் சுழலவைத்துப் புதுத் திசுவுக்குச் சத்து கொடுக்கிறது.

அறுவை சிகிச்சையின் பலனைப் பலர் இழப்பது இந்த வாரங்களில்தான். "வலி இல்லையே" என்று இரண்டாவது வாரமே கிச்சனில் நின்று சமைப்பது, "ஒரே ஒரு தடவைதானே" என்று மாடி ஏறுவது எல்லாம் ஒட்டைப் பெயர்த்துவிடலாம். எனவே, தேதி குறிப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். ஆறு வாரம் சமையல் யார்? பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போவது யார்? தரையில் உட்காரும் டாய்லெட் மட்டும்தான் என்றால் கமோடு நாற்காலிக்கு என்ன ஏற்பாடு? மாடி வீடு என்றால் கீழே தங்க இடம் இருக்கிறதா? தினக்கூலிக்குப் போகிறவர் என்றால் அந்த ஒன்றரை மாதத்துக்குக் குடும்பம் எப்படி ஓடும்? ஆபரேஷன் கட்டணத்தைவிட இந்தக் கணக்கு பெரிதாக இருக்கலாம்.

ஓட்டம், விளையாட்டு போன்றவற்றுக்குத் திரும்ப மைக்ரோஃப்ராக்சருக்குப் பிறகு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நடவு முறை என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரைகூட ஆகலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

* என் காயத்தின் அளவு என்ன? எத்தனை மில்லிமீட்டர்? அடியில் நீர்க்கட்டி இருக்கிறதா?

* இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இது பலன் தராவிட்டால் அடுத்து என்ன?

* லிகமென்ட் தளர்ந்திருக்கிறதா? அதையும் இப்போதே சரிசெய்வீர்களா?

* எத்தனை வாரம் ஊன்றக் கூடாது? பிசியோதெரபி எப்போது, எத்தனை நாள்?

* காப்பீட்டில் ஸ்கேன், ஸ்க்ரூ, பிசியோ எல்லாம் அடங்குமா?

பக்க விளைவுகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தின் மேல்பகுதியில் மரத்துப்போன உணர்வு, தொற்று, காலில் ரத்தம் உறைதல் ஆகியவை அரிதாக ஏற்படலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இரண்டும் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

வான் பாஸ்டனுக்கு என்ன ஆனது?

1993 மே மாதம் மியூனிக் நகரில் ஆடியதுதான் அவருடைய கடைசிப் போட்டி. ஐந்து வருடங்களுக்கு முன் அந்தப் புகழ்பெற்ற யூரோ கோலை அடித்த அதே மைதானம். கணுக்காலில் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சைகள் நடந்தன. இரவில் பாத்ரூமுக்குப் போகக்கூடக் காலை ஊன்ற முடியாமல் தரையில் தவழ்ந்து போனதைத் தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். கடைசியில், கணுக்கால் எலும்புகளை அசையாதபடி ஒன்றாக இணைத்துவிடும் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மூட்டின் அசைவு போனது, கூடவே வலியும் போனது. குருத்தெலும்பு முழுவதும் தேய்ந்துபோனவர்களுக்கு இன்றும் இதுவும், செயற்கை மூட்டு பொருத்துவதும்தான் கடைசிக் கட்டத் தீர்வுகள்.

இன்றைய சிகிச்சைகள் அன்றே இருந்திருந்தால் அவர் கால் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், சின்ன விரிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் இரண்டு துளைகளில் வேலை முடிய வாய்ப்பு உண்டு. பள்ளமான பிறகு எலும்பை வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். எல்லாம் தேய்ந்த பிறகு மூட்டையே பூட்ட வேண்டியிருக்கும்.

போன தீபாவளிக்குப் பிசகிய கால் இந்தப் பொங்கல் தாண்டியும் வலிக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், தைலத்தைத் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்!